பைபிளேன்: பொருளும், பிறப்பும், தமிழும்

முதல் உலகப் போரின் வான் சண்டையைக் காட்டும் பழைய கறுப்பு வெள்ளைத் திரைப்படங்களில் பறப்பவை பெரும்பாலும் பைபிளேன்கள்தான். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இறக்கை, அவற்றுக்கு நடுவே தாங்கி நிற்கும் தூண் போன்ற கால்கள், மேலே திறந்த இருக்கை. முதல் பார்வைக்கு எல்லாம் ஒரே விமானம் போலத் தெரியும். எது எந்த விமானம் என்று பிரித்தறிய, இந்தச் சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்வதே பாதி வேலை.

‘பை’ என்பது இரண்டைக் குறிக்கும் லத்தீன் முன்னொட்டு. அதில் குழப்பம் இல்லை. ‘பிளேன்’தான் இடறும். இன்று அது முழு விமானத்தையும் குறிக்கிறது. ஆனால் பைபிளேன், மோனோபிளேன் போன்ற சொற்களில் அதற்குப் பரப்பு என்றே பொருள். காற்றில் விமானத்தைத் தாங்கும் இறக்கைப் பரப்பு. ரைட் சகோதரர்கள் 1906இல் பெற்ற காப்புரிமை ஆவணத்தைப் பாருங்கள், ‘ஏரோபிளேன்’ என்று அவர்கள் எழுதியது இறக்கையைத்தான். உறுப்பின் பெயர் மெல்ல மெல்ல முழு ஊர்திக்கும் ஆகிவந்தது. தமிழ் இலக்கணம் இதைச் சினையாகுபெயர் என்று சொல்லும்.

விமானவியலில் இடப்பக்கமும் வலப்பக்கமும் சேர்ந்து ஒரே இறக்கையாகத்தான் கணக்கு. மேலே ஒன்று, கீழே ஒன்று இருந்தால் பைபிளேன். மூன்று இருந்தால் டிரைபிளேன். ஜெர்மனியின் ஃபோக்கர் டிஆர்1 அந்த வகை.

சரி, எதற்கு இரண்டு? அன்றைய இறக்கைகள் மெல்லியவை. மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தியவை. தனியாக நீட்டினால் வளைந்து முறியும். ரயில் பாலங்கள் கட்டிய பொறியாளர் ஆக்டேவ் சனூட், பாலத்தில் பயன்படும் சட்டக அமைப்பை 1896இல் தன் கிளைடருக்கு, அதாவது எஞ்சின் இல்லாமல் மிதந்து பறக்கும் ஊர்திக்கு, கொண்டுவந்தார். இரண்டு இறக்கைகளுக்கு நடுவே நிமிர்ந்த கால்கள், அவற்றுக்குக் குறுக்கே இழுத்துக் கட்டிய கம்பிகள். எடை குறைவு, உறுதி அதிகம். ரைட் சகோதரர்கள் எடுத்துக்கொண்டதும் இந்த அமைப்பைத்தான்.

தமிழில் என்ன சொல்லலாம்? வானூர்தி என்பதற்கு வேர் இருக்கிறது: ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்று புறநானூற்றின் 27ஆம் பாட்டு பாடுகிறது. விமானம் என்ற சொல்லோ கோயில் கருவறையின் மேல் எழும் கட்டுமானத்துக்கும் பெயர். இரண்டுமே புழக்கத்தில் இருப்பவை, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சிக்கல் முன்பாதியில்தான். ‘இரட்டை இறக்கை விமானம்’ என்றால், எல்லா விமானத்துக்கும்தானே இரண்டு இறக்கை என்று கேட்பார்கள். ‘ஈரடுக்கு விமானம்’ என்றால் பயணிகள் இரண்டு தளங்களில் உட்காரும் பெரிய விமானம் நினைவுக்கு வரும். அடுக்கு, இறக்கை இரண்டும் சேர்ந்து வரவேண்டும்: ஈரடுக்கிறக்கை விமானம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொருள் வழுவாது. மோனோபிளேன் ஓரடுக்கிறக்கை, டிரைபிளேன் மூவடுக்கிறக்கை. பிரான்சின் நியூபோர்ட் 17 போன்றவற்றில் கீழ் இறக்கை மேலதைவிட மிகக் குறுகல். அவற்றை லத்தீன் வழியாக செஸ்குவிபிளேன் என்பார்கள், ஒன்றரை என்று பொருள். நமக்கு ‘ஒன்றரை’ கையிலேயே இருக்கிறது: ஒன்றரை அடுக்கிறக்கை.

இனித் திரைக்கு வருவோம். பார்க்க வேண்டிய இடம் இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே உள்ள வெளி. 1918இல் போர்முனைக்கு வந்த ஃபோக்கர் டி7, ஜெர்மனியின் மிகச் சிறந்த போர் விமானங்களில் ஒன்று. போர்நிறுத்த உடன்படிக்கையில் பெயர் குறிப்பிட்டே ஒப்படைக்கச் சொன்ன விமானம் அது. ஆகவே எல்லாப் படக்காரர்களுக்கும் அது வேண்டும், அசல் மட்டும் போதிய அளவில் கிடைக்காது. ஹாலிவுட் கண்டுபிடித்த மாற்று, அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் தயாரான டிராவல் ஏர். மேல் இறக்கையின் நுனியில் யானைக் காதுபோல் வெளியே நீளும் ஏலிரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க உதவும் அசையும் மடல்) டி7ஐ நினைவுபடுத்தியதால், ‘விச்சிட்டா ஃபோக்கர்’ என்றே பட்டப்பெயர் வந்தது. இரண்டிலும் கால்கள் ஆங்கில ‘என்’ எழுத்து வடிவம்தான். பிறகு எப்படிப் பிரிப்பது? கம்பியைப் பாருங்கள். டி7இன் இறக்கை தடிப்பானது, உள்ளே மரப்பெட்டி போன்ற விட்டங்கள் கொண்டது; அதனால் இறக்கைகளுக்கு இடையே குறுக்குக் கம்பியே கிடையாது. டிராவல் ஏரில் கம்பி உண்டு. விமானம் வெயிலில் சாய்ந்து திரும்பும் காட்சியில் படத்தை நிறுத்திப் பார்த்தால் கோடுகள் மின்னும்.

முதல் ஆஸ்கர் விழாவில் சிறந்த படமாகத் தேர்வான 1927ஆம் ஆண்டின் ‘விங்ஸ்’ படத்தில் வேறு விதம். டெக்சாஸில் அமெரிக்க ராணுவத்தின் உதவியோடு எடுத்த படம் அது. ஜெர்மன் சின்னம் தீட்டிய கர்டிஸ் பி1 ஹாக்குகளே எதிரிகளாகப் பறந்தன. 1925இல்தான் படையில் சேர்ந்த விமானம் 1918இன் சண்டையில்! நுனியை நோக்கி ஒடுங்கும் இறக்கை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். டி7இன் இறக்கை அடியிலிருந்து நுனி வரை ஒரே அகலம்.

எனக்கு மிகப் பிடித்த அடையாளம் ஹோவர்ட் ஹியூஸ் 1930இல் வெளியிட்ட ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ படத்தில் இருக்கிறது. அதில் ஜெர்மனியின் கோத்தா குண்டுவீச்சு விமானமாக நடித்தது, விமான வடிவமைப்பாளர் இகோர் சிக்கோர்ஸ்கி அமெரிக்காவில் கட்டிய எஸ்29ஏ. இரண்டுமே இரட்டை எஞ்சின் கொண்ட ஈரடுக்கிறக்கை விமானங்கள், தூரத்தில் பார்த்தால் நம்பலாம். ஆனால் போரில் பறந்த கோத்தா ஜி4, ஜி5 விமானங்களில் சுழலிகள் (புரொப்பெல்லர்கள்) இறக்கைக்குப் பின்னால் இருந்து தள்ளும். சிக்கோர்ஸ்கியின் விமானத்தில் அவை முன்னால் நின்று இழுக்கும். படப்பிடிப்பின்போதே அந்த விமானம் விழுந்து நொறுங்கியது. உள்ளே இருந்த மெக்கானிக் உயிரிழந்தார். உலகில் ஒன்றே ஒன்றாகக் கட்டப்பட்ட எஸ்29ஏ பறப்பதைப் பார்க்க வேண்டுமானால், ‘கோத்தா’ வரும் அந்தக் காட்சிகளைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.