வைரம் பாய்ந்த பீப்பாய்

ராயபுரத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் வேலை பார்க்கும் வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "கப்பலில் போகும் என் மாமா ஒரு ஸ்காட்ச் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். லேபிளில் பெரிய எழுத்தில் ஒரு கம்பெனி பெயர், கீழே சின்னதாக வேறொரு டிஸ்டில்லரி பெயர். பீப்பாய் நம்பர், பாட்டில் நம்பர் வேறு போட்டிருக்கிறது. டூப்ளிகேட்டா சார்? இன்னொன்று, 18 வருஷம் என்று இருக்கிறது. பெண் கல்யாணம் வரைக்கும் பீரோவில் வைத்தால் 30 வருஷ சரக்கு ஆகிவிடுமா?"

இரண்டாவது கேள்விக்கு ஒரே வரி போதும்: ஆகாது. லேபிளில் இருப்பது பீப்பாயில் கிடந்த காலம். கண்ணாடிக்குள் போன அன்றே வயது நின்றுவிடும்.

முதல் கேள்விக்கு வருவோம். இரண்டு பெயர் இருப்பதால் மட்டும் அது போலி ஆகிவிடாது. சாராயம் காய்ச்சுவது ஒருவர், பாட்டிலில் அடைத்து விற்பது வேறொருவர் என்பது ஸ்காட்லாந்தில் பழைய ஏற்பாடு. அங்கே வடிக்கப்படும் மால்ட்டில், அதாவது முளைகட்டிய பார்லி விஸ்கியில், பெரும்பங்கு பிளெண்டட் விஸ்கி கம்பெனிகளுக்குக் கலவைக்காகப் போகிறது. அந்தக் கொள்முதலில் பீப்பாய்கள் கைமாறும். அப்படிக் கைமாறும் பீப்பாய்களை வாங்கி, வருஷக்கணக்கில் காத்திருந்து, தன் பெயரில் அடைக்கிறவர்தான் சுயேச்சை பாட்லர். கேடன்ஹெட் கம்பெனி 1842-லிருந்தும், எல்ஜின் ஊரில் மளிகைக் கடையாகத் தொடங்கிய கார்டன் அண்ட் மக்ஃபைல் 1895-லிருந்தும் இருக்கின்றன. சிக்னேட்டரி 1988-ல் வந்தது. டிஸ்டில்லரிகள் நூற்றுக்கணக்கான பீப்பாய்களைக் கலந்து ஒரே சுவைக்குக் கொண்டுவருவார்கள். சுயேச்சை பாட்லர்கள் பெரும்பாலும் ஒரே பீப்பாயை அப்படியே இறக்குவார்கள். அதனால்தான் நம்பர் போடுகிறார்கள். ரோஸ்பேங்க் என்ற டிஸ்டில்லரி 1993-ல் மூடப்பட்டு, முப்பது வருஷம் கழித்துத்தான் மறுபடி அடுப்பு பற்றவைத்தது. நடுவில் அதன் சரக்கு கிடைத்ததில் இந்த மாதிரி ஆட்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

சில டிஸ்டில்லரிகளுக்குத் தங்கள் பெயரை அடுத்தவர் லேபிளில் பார்க்கப் பிடிக்காது. பீப்பாயை விற்கும்போது வேறொரு டிஸ்டில்லரியின் மால்ட்டை ஒரு ஸ்பூன் ஊற்றிவிடுவார்கள். அவ்வளவுதான், சட்டப்படி அது சிங்கிள் மால்ட் (ஒரே டிஸ்டில்லரியின் மால்ட்) இல்லை, பெயரைப் போடவும் முடியாது. இந்தக் குறும்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

விஸ்கி செய்முறை உங்களுக்குத் தெரிந்த பள்ளிக்கூட வேதியியல்தான். பார்லியை ஊறவைத்து முளைகட்டி, வெந்நீரில் கலக்கினால் மாவுச்சத்து சர்க்கரையாகிறது, ஈஸ்ட் அதை ஆல்கஹாலாக்குகிறது, செம்புக் கலத்தில் இரண்டு முறை காய்ச்சி வடிக்கிறார்கள். வருவது தண்ணீர் மாதிரி நிறமில்லாத திரவம். அதை வழக்கமாக 63.5 சதவீத ஆல்கஹால் அளவுக்குக் கொண்டுவந்து ஓக் பீப்பாயில் ஊற்றி மூடுகிறார்கள். பீப்பாய் 700 லிட்டருக்கு மேல் போகக் கூடாது, மூன்று வருஷமாவது ஸ்காட்லாந்திலேயே கிடக்க வேண்டும் என்பது சட்டம்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். மரம் என்பதே குழாய்க் கட்டு. வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் போக சைலக் குழாய்கள் மேலிருந்து கீழ்வரை ஓடுகின்றன. ஓக் மரத்தில் வசந்த காலத்தில் உண்டாகும் குழாய்கள் வெறும் கண்ணுக்கே துளையாகத் தெரியும். அப்படிப்பட்ட மரத்தில், ஆணியும் இல்லாமல் பசையும் இல்லாமல், இரும்பு வளையத்தின் இறுக்கத்தை மட்டும் நம்பிச் செய்த பீப்பாய் இருபது வருஷம் ஒழுகாமல் எப்படி நிற்கிறது?

பதில் வைரக்கட்டையில், அதாவது மரத்தின் உள்ளே இருக்கும் முதிர்ந்த கட்டையில் இருக்கிறது. மரம் முதிரும்போது உள்பக்கத்துக் குழாய்கள் தண்ணீர் கடத்தும் வேலையிலிருந்து ஓய்வு பெறுகின்றன. அப்போது குழாயை ஒட்டியிருக்கும் உயிருள்ள பாரன்கைமா செல்கள், குழாய்ச் சுவரில் இருக்கும் குழிகள் வழியாக உள்ளே பிதுங்கி உப்புகின்றன. பக்கத்துக்குப் பக்கம் இப்படி உப்பி, ஒன்றையொன்று நெருக்கி, குழாயை முழுக்க அடைத்துவிடுகின்றன. தாவரவியல் பாடத்தில் டைலோஸ் என்று ஒரு மதிப்பெண் கேள்வியாகப் படித்திருப்பீர்கள். பூஞ்சையும் காற்றும் ஏறி வராமலிருக்க மரம் தனக்காகச் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. அதைப் பீப்பாய்க்காரர்கள் தங்களுக்காக எடுத்துக்கொண்டார்கள்.

அமெரிக்க வெள்ளை ஓக்கில் இந்த அடைப்பு ஏராளம். அதன் உறவுக்கார மரமான சிவப்பு ஓக்கில் மிகக் குறைவு. சிவப்பு ஓக் துண்டு ஒன்றின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி வரும்! வெள்ளை ஓக்கில் எவ்வளவு ஊதினாலும் வராது. ஒரே குடும்பம், கிட்டத்தட்ட ஒரே நிறம், ஆனால் ஒன்றில் பீப்பாய் செய்யலாம், இன்னொன்றில் செய்தால் ஒழுகும்.

இதோடு முடியவில்லை. மரத்தில் நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஓடும் மெடுல்லரி கதிர்கள் உண்டு, அவையும் திரவம் கசியும் வழி. அதனால் கட்டையை நான்காகப் பிளந்து, அந்தக் கதிர்கள் பலகையின் கனத்தை ஊடுருவாமல் அகலவாக்கில் படுத்திருக்கும்படி அறுக்கிறார்கள். வழியாக இருந்ததே அப்போது தடுப்பாகிவிடுகிறது. நுண்ணோக்கி வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஆசாரிகள் இதைக் கையால் கண்டுபிடித்திருக்கிறார்கள். காசிமேட்டில் மரப்படகு கட்டிய கைகளும் வைரம் பார்த்துத்தான் கட்டை எடுத்திருக்கும்.

பலகையை வளைக்க நெருப்பு காட்டி, உள்பக்கத்தைக் கரியாகவும் சுடுகிறார்கள். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் வெந்து உடைந்து வனிலின் தருகிறது, ஐஸ்கிரீமில் இருக்கும் அதே வனிலா மணம். மரத்தின் சர்க்கரைத் தொடரான ஹெமிசெல்லுலோஸ் உடைந்து கருகிய சர்க்கரை வாசனை வருகிறது. ஓக்கின் லாக்டோன்கள் என்ற மணப்பொருள்கள் தேங்காய் வாசனை கொடுக்கும். கரிப்படலம் புதுச் சாராயத்தின் கந்தக நாற்றத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அமெரிக்காவில் பூர்பன் விஸ்கியை உள்பக்கம் சுட்ட புது ஓக் கலத்தில்தான் வைக்க வேண்டும் என்பது சட்டம். ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் அவர்களுக்கு மறுபடி பூர்பனுக்கு உதவாது. ஸ்காட்லாந்துக்காரர்கள் அதை வாங்கி இரண்டு, மூன்று முறை நிரப்புகிறார்கள். கடுஞ்சாயம் போன பீப்பாய் என்பதால்தான் இருபது வருஷம் வைத்தாலும் விஸ்கி மரக்கசப்பாக மாறுவதில்லை.

திரவம் ஒழுகாது, ஆனால் ஆவி வெளியேறும். தண்ணீர் மூலக்கூறும் எத்தனால் மூலக்கூறும் மரத்தின் செல்சுவர் வழியே மெல்ல ஊடுருவி வெளியே போகின்றன, பதிலுக்கு ஆக்சிஜன் உள்ளே வருகிறது. எது அதிகம் போகும் என்பதை வெளிக்காற்று தீர்மானிக்கிறது. கார்த்திகை மாசத்தில் ராயபுரம் மொட்டை மாடியில் காயப்போட்ட துணி இரண்டு நாளானாலும் ஈரமாகவே இருக்கிறதே, அதே கணக்கு. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் தண்ணீர் வெளியேற இடமில்லை. எத்தனாலுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே ஈரமான ஸ்காட்லாந்துக் கிடங்கில் வருஷா வருஷம் விஸ்கியின் வீரியம், அதாவது ஆல்கஹால் சதவீதம், குறைகிறது. பூர்பன் காய்ச்சும் அமெரிக்க மாநிலமான கென்டக்கியில், கிடங்கின் சூடான மேல்தட்டுகளில் தண்ணீர் அதிகம் போய் வீரியம் ஏறுகிறது.

ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு சுமார் 2 சதவீதம் இப்படிக் காற்றோடு போகிறது. 'தேவதைகளின் பங்கு' என்கிறார்கள். தேவதைகள் குடிக்கிறார்களோ இல்லையோ, ஒரு கரும்பூஞ்சை குடிக்கிறது. போடோயினியா என்று பெயர். கிடங்குச் சுவரிலும் சுற்றியிருக்கும் மரங்களிலும் எத்தனால் ஆவியைத் தின்று கறுப்பாகப் படரும். 250 லிட்டர் பீப்பாய் 20 வருஷத்தில் சுமார் 167 லிட்டராகிவிடும். 700 மில்லி பாட்டிலில் 238 தேறும். பாட்டில் நம்பர் ஏன் இருநூற்றுச் சொச்சத்தில் முடிகிறது என்று இப்போது புரியும்.

பெங்களூரில் அம்ருத் கம்பெனியின் பீப்பாய்களில் இழப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல். 200 லிட்டர் ஊற்றிப் பத்து வருஷம் காத்திருந்தால் 70 லிட்டர்தான் மிஞ்சும். ஆனால் வெப்பத்தில் மரத்தோடு நடக்கும் வேதியியலும் வேகமாக நடக்கும், அதனால் நான்கைந்து வருஷத்திலேயே பக்குவம் வந்துவிடுகிறது. 2004-ல் அதை கிளாஸ்கோவுக்கே கொண்டுபோய் அறிமுகம் செய்தார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் எண்ணூர் பக்கம் ஒரு பீப்பாய்க் கிடங்கு வைத்தால் வீரியம் எப்படி இறங்கும் என்று அளந்து பார்க்க எனக்கு ஆசை. பணம் யார் தருவார்கள்?

எடின்பரோவில் இதற்கென்றே தொழில்துறை நடத்தும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இங்கே டாஸ்மாக் வழியாக அரசுக்கு வருவது ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல். அங்கே விற்கும் விஸ்கியில் நிறைய, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் (மொலாசஸ்) எடுத்த ஸ்பிரிட், நிறம் கேரமல். ஐரோப்பியச் சட்டப்படி அது விஸ்கியே இல்லை. அந்தக் கோடிகளில் ஒரு துளி நொதித்தல் ஆராய்ச்சிக்கும், ஒரு குடம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் கல்லீரல் பிரிவுக்கும் போகலாம் என்பது என் கட்சி. சளிக்குக் குழந்தைக்கு ஒரு மூடி பிராந்தி கொடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஆல்கஹால் தோல் ரத்தக்குழாயை விரிப்பதால் சூடாக இருப்பதுபோல் தோன்றுகிறது, உண்மையில் உடம்பு சூட்டை இழக்கிறது. பழைய விஸ்கியோ புதுசோ, அதிலிருக்கும் எத்தனால் புற்றுநோய்க் காரணிப் பட்டியலின் முதல் வகுப்பில்தான் இருக்கிறது.

போலி விஸ்கி என்பது வேறு கதை. அதைப் பிடிக்க அணுகுண்டு உதவுகிறது. 1950, 60-களின் குண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறக்குறைய இரட்டிப்பாகி, 1963 வாக்கில் உச்சம் தொட்டு, பிறகு மெல்ல இறங்கிவருகிறது. பார்லி விளைந்த வருஷத்துக் காற்றின் கார்பன்தான் அதன் ஆல்கஹாலில் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டு என்று சொல்லும் பாட்டிலில் குண்டுக் கார்பன் இருந்தால் கதை முடிந்தது. 2018-ல் ஸ்காட்லாந்து ஆய்வகம் ஒன்று 55 அரிய பாட்டில்களைச் சோதித்ததில் 21 போலி, அல்லது சொன்ன வருஷத்தில் வடிக்காதவை என்று தெரிந்தது. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. ஏறும்போது இருந்த அளவு இறங்கும்போதும் ஒருமுறை வரும், ஆக ஒரே அளவுக்கு இரண்டு வருஷங்கள் பொருந்தலாம். அந்த மாதிரிச் சமயத்தில் கண்ணாடியையும் கார்க்கையும் லேபிள் காகிதத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.