பாடத்தை விடுவதற்கு முன் நாளை எண்ணுங்கள்: அமெரிக்கக் கல்லூரி நிதி உதவியும் வகுப்பு விலகலும்

மிட்டெர்மில் மதிப்பெண் கவிழ்ந்ததும் மாணவர்கள் சொல்லும் வழக்கமான சமாதானம் ஒன்று உண்டு: “எஃப் வாங்குவதைவிட டபிள்யூ வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம்.” எஃப் என்பது தோல்வி, டபிள்யூ என்பது பாடத்திலிருந்து விலகியதைக் காட்டும் குறி. மதிப்பெண் சராசரியான ஜிபிஏ வரைக்கும் அந்தச் சமாதானம் சரிதான். டபிள்யூ ஜிபிஏவைத் தொடாது. நிதி உதவிக் கணக்கு வேறு. அதில் டபிள்யூவுக்கும் விலை உண்டு. அந்த விலை எவ்வளவு என்பது, விட்டது ஒரு பாடமா, எல்லாப் பாடங்களுமா, எந்தத் தேதியில் என்பவற்றைப் பொறுத்தது. ஒரு பாடத்தை விடுவதற்கும் செமஸ்டரையே விடுவதற்கும் தனித்தனி விதிகள். இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பெரும்பாலான சிக்கல் தொடங்குகிறது.

யாருக்கு இந்த உதவி

இங்கே பேசுவது 1965-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தின் நான்காம் பிரிவின் கீழ் மத்திய அரசு தரும் பணத்தைப் பற்றி: பெல் கிராண்ட் என்ற மானியம், துணை மானியமான எஃப்எஸ்இஓஜி, வட்டிச் சலுகையுள்ள சப்சிடைஸ்டு கடன், சலுகை இல்லாத அன்சப்சிடைஸ்டு கடன், பெற்றோர் வாங்கும் பிளஸ் கடன், படித்துக்கொண்டே வேலை செய்து கூலி வாங்கும் வொர்க் ஸ்டடி. எல்லாவற்றுக்கும் வாசல் ஒன்றே, ஃபாஃப்ஸா படிவம். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்க வேண்டும். அகதி, அடைக்கலம் பெற்றவர் போன்ற சில நிலைகளும் செல்லும். எஃப்-1 மாணவர் விசாவிலோ எச்-4 சார்ந்தோர் விசாவிலோ இருப்பவர்களுக்குக் கிடையாது. ஆனால் எச்-1பி வேலை விசாவில் உள்ள பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பிள்ளை தாராளமாக விண்ணப்பிக்கலாம். பார்ப்பது மாணவரின் நிலையைத்தான், பெற்றோரின் விசாவை அல்ல. இது தெரியாமல் ஃபாஃப்ஸாவே போடாமல் விடும் குடும்பங்கள் நம்மவர்களில் உண்டு.

ஒரு பாடத்தை மட்டும் விட்டால்

முதலில் பார்க்க வேண்டியது சென்சஸ் தேதி. செமஸ்டர் தொடங்கி ஒருசில வாரங்களில் வரும் இந்த நாளில் எத்தனை கிரெடிட் (பாடத்தின் அளவைக் காட்டும் அலகு) பதிவாகியிருக்கிறதோ, அதை வைத்துப் பல கல்லூரிகள் பெல் தொகையை உறுதி செய்கின்றன. 2024-25 முதல் பெல் கணக்கு கிரெடிட் வாரியாக நடக்கிறது: 12 கிரெடிட்டுக்கு 100%, 11-க்கு 92%, 9-க்கு 75%, 6-க்கு 50%. 2025-26-இல் உச்ச வரம்பு ஆண்டுக்கு 7,395 டாலர். ஒரு செமஸ்டருக்குச் சுமார் 3,698. சென்சஸுக்கு முன் 12-லிருந்து 9 கிரெடிட்டுக்கு இறங்கினால் அது 2,773 ஆகும். 900 டாலருக்கு மேல் குறைகிறது. ஆனால் அது ‘டிராப்’; டிரான்ஸ்கிரிப்டில் தடமே இருக்காது.

சென்சஸ் கழிந்தபின் விட்டால் அது ‘வித்ட்ரா’. பாடத்துக்கு ஒரு நாளாவது போயிருந்தால் பெல் தொகை பொதுவாக மாறாது. அப்பாடா என்று இருந்துவிடாதீர்கள். அடி இன்னொரு பக்கம் விழும்.

உதவி தொடர வேண்டுமானால் மாணவர் ‘திருப்திகரமான கல்வி முன்னேற்றம்’ காட்ட வேண்டும். கல்லூரிகளில் இதை ‘சாப்’ என்பார்கள். மூன்று அளவுகோல்கள்: ஜிபிஏ, பொதுவாக 2.0; வேகம், அதாவது எடுத்த கிரெடிட்டில் எத்தனை தேறியது என்ற விகிதம்; மொத்த வரம்பு, பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட்டில் 150%. 120 கிரெடிட் பட்டத்துக்கு 180 எடுத்து முடிப்பதற்குள் படிப்பு முடிய வேண்டும்.

வேகக் கணக்கில் டபிள்யூவும் எஃப்பும் ஒன்றுதான். இரண்டும் ‘எடுத்தது’ பக்கம் ஏறும், ‘தேறியது’ பக்கம் ஏறாது. முதல் செமஸ்டரில் 15 கிரெடிட் எடுத்து இரண்டு பாடங்களை விட்டவருக்கு 15-க்கு 9, அதாவது 60%. பெரும்பாலான கல்லூரிகள் கேட்பது 67%. இதில் ஒரு நுணுக்கம்: 12 கிரெடிட் எடுத்து நான்கு கிரெடிட் பாடம் ஒன்றை விட்டால் 66.67%. உங்கள் கல்லூரியின் விதியில் 66.67 என்று எழுதியிருந்தால் தப்பித்தீர்கள்; 67 என்று எழுதியிருந்தால் தவறிவிட்டீர்கள். கல்லூரியின் சாப் பக்கத்தில் அந்த எண்ணை ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள், நண்பர் சொன்னதை நம்ப வேண்டாம்.

ஒவ்வொரு செமஸ்டரும் சரிபார்க்கும் கல்லூரி என்றால், முதன்முறை தவறும்போது ‘வார்னிங்’ தரலாம். ஒரு செமஸ்டர் உதவி தொடரும்; விண்ணப்பிக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன மாணவர் அடுத்த 15-ஐயும் தேறிவிட்டால் 30-க்கு 24, 80%. கரையேறிவிடுவார். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பார்க்கும் கல்லூரியில் வார்னிங் என்பதே கிடையாது; தவறினால் நேராக உதவி நிற்கும், மேல்முறையீடுதான் வழி. இன்னொன்று: உதவி வாங்காத செமஸ்டர்களும் இந்தக் கணக்கில் சேரும். சொந்தப் பணத்தில் படித்தபோது விட்ட பாடமும் பின்னால் வந்து நிற்கும்.

கடன் வாங்கியவர்கள் ஆறு கிரெடிட்டுக்குக் கீழே இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கீழ் போனால் இன்னும் வராத கடன் தவணை வராது. ஆறு மாதச் சலுகைக் காலமும் ஓடத் தொடங்கும். அது முடிவதற்குள் மறுபடி ஆறு கிரெடிட் எடுத்துவிட்டால் சலுகைக் காலம் முழுதாகத் திரும்பக் கிடைக்கும். முடிந்துவிட்டால் அந்தக் கடன்களுக்கு அது போனதுதான்.

இவையெல்லாம் மத்திய அரசின் விதிகள். மாநில உதவிக்கும் கல்லூரி தரும் ஸ்காலர்ஷிப்புக்கும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு, பெரும்பாலும் 12 கிரெடிட் கேட்பார்கள். டெக்சாஸில் 2007 இலையுதிர் பருவத்திலிருந்து அரசுக் கல்லூரிகளில் சேர்ந்தவர்கள் படிப்புக் காலம் முழுவதற்கும் ஆறு பாடங்களைத்தான் விடலாம் என்று மாநிலச் சட்டமே இருக்கிறது; விலக்குகள் சில உண்டு.

எல்லாப் பாடங்களையும் விட்டால்

இங்கேதான் ‘ஆர்2டி4’ என்ற கணக்கு, அதாவது நான்காம் பிரிவுப் பணத்தைத் திருப்பும் கணக்கு, வருகிறது. கருத்து எளிது: உதவிப் பணம் நாள் கணக்கில் ‘சம்பாதிக்கப்படுகிறது’. செமஸ்டரில் 60 சதவீதத்தைத் தாண்டியவர் முழுத் தொகையையும் சம்பாதித்தவர். அதற்கு முன் போனால் இருந்த நாளுக்கு மட்டும்.

நாளை எண்ணும் முறையைப் பார்ப்போம். 2025 ஆகஸ்ட் 25 திங்கள் தொடங்கி டிசம்பர் 12 வெள்ளி முடியும் செமஸ்டர். சனி, ஞாயிறு சேர்த்து 110 நாள். தொடர்ந்து ஐந்து நாளோ அதற்கு மேலோ விடுமுறை வந்தால் கழிக்க வேண்டும். நன்றி நவிலல் விடுமுறை புதன் முதல் ஞாயிறு வரை ஐந்து நாள் போக 105. இதில் 63-ஆம் நாள் அக்டோபர் 26, சரியாக 60%. விதி கேட்பது 60-ஐத் ‘தாண்ட’ வேண்டும் என்று. ஆக 26-ஆம் தேதி ஞாயிறு இரவு விலகியவருக்கு 60% பணம்தான். 27 திங்கள்கிழமை விலகியவருக்கு முழுப் பணமும். ஒரு நாள் பொறுத்தால் பல ஆயிரம் டாலர் மிஞ்சும் இடம் இது.

இப்போது ஒரு மாணவர் அதே செமஸ்டரில் 42-ஆம் நாள், அக்டோபர் 5 அன்று, முழுதாக விலகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வந்த உதவி: பெல் 3,000, சப்சிடைஸ்டு கடன் 1,750, அன்சப்சிடைஸ்டு 1,000, மொத்தம் 5,750 டாலர். கல்லூரிக் கட்டணம் 4,000. மீதி 1,750 அவர் வங்கிக் கணக்குக்குப் போய், வாடகைக்கும் புத்தகத்துக்கும் செலவாகிவிட்டது.

105-க்கு 42 என்றால் 40%. சம்பாதித்தது 2,300, சம்பாதிக்காதது 3,450. கல்லூரி திருப்பித்தர வேண்டியது, இந்த 3,450 அல்லது கட்டணத்தில் 60% ஆன 2,400, இரண்டில் எது குறைவோ அது. ஆகவே 2,400. வரிசை சட்டத்திலேயே இருக்கிறது: முதலில் அன்சப்சிடைஸ்டு கடன், பிறகு சப்சிடைஸ்டு, பிளஸ், அதன்பின்தான் பெல். ஆகவே 1,000 அன்சப்சிடைஸ்டு முழுவதும் போகிறது, சப்சிடைஸ்டில் 1,400 போகிறது.

மாணவர் பொறுப்பில் நிற்பது 1,050. அதில் 350 மீதமிருக்கும் சப்சிடைஸ்டு கடன். அதை உடனே கட்ட வேண்டியதில்லை, கடன் பத்திரத்தின்படி வழக்கமான தவணையில் கட்டலாம். 700 பெல் பக்கம் விழுகிறது. ஆனால் வாங்கிய மானியத்தில் பாதிக்கு மேற்பட்டதை மட்டும்தான் மாணவர் திருப்பித்தர வேண்டும் என்று ஒரு பாதுகாப்பு இருக்கிறது. இவருக்குப் பாதி 1,500. 700 அதற்குள் அடங்கிவிடுகிறது. அரசுக்கு ஒரு காசும் தர வேண்டியதில்லை.

அப்படியானால் யாருக்குத் தர வேண்டும்? கல்லூரிக்கு. அரசுக்கு 2,400-ஐ அனுப்பிவிட்ட கல்லூரி, கட்டணம் 4,000-ஐக் குறைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கட்டணத்தைத் திருப்பும் விதி கல்லூரிக்குச் சொந்தமானது. ஆறாவது வாரத்தில் பெரும்பாலான இடங்களில் அது பூஜ்யமாகியிருக்கும். ஆக மாணவர் பெயரில் 2,400 டாலர் நிலுவை. அடுத்த செமஸ்டர் பதிவு செய்யவிடாமல் ஹோல்டு விழும், நாளடைவில் வசூல் நிறுவனத்துக்குப் போகும். பலரும் கடிதம் வரும்வரை எதிர்பார்க்காத தொகை இதுதான். வொர்க் ஸ்டடியில் வேலை செய்து வாங்கிய கூலி மட்டும் இந்தக் கணக்கில் சேராது. உழைத்த பணம் உங்களுடையது.

விலகிய தேதி எது என்பதிலும் தகராறு வரும். டீன் கையெழுத்திட்ட நாள் அல்ல. விலகும் நடைமுறையை நீங்கள் தொடங்கிய நாள், அல்லது விலகுவதாகச் சொன்ன நாள். கல்லூரி விரும்பினால் கடைசியாகப் படிப்புத் தொடர்பாக நீங்கள் பங்கேற்ற நாளை எடுக்கலாம். இணைய வகுப்பில் லாகின் செய்தது மட்டும் கணக்கில் வராது. வினாத்தாள் எழுதியது, அசைன்மென்ட் கொடுத்தது வரும்.

சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால்? எல்லாப் பாடத்திலும் எஃப் வந்தால், அது கடைசிவரை படித்து வாங்கிய எஃப்பா, பாதியில் நின்றதால் வந்ததா என்று கல்லூரி ஆசிரியர்களிடம் விசாரிக்கும். பாதியில் நின்றது என்றால், வருகைப்பதிவு கட்டாயமில்லாத கல்லூரி செமஸ்டரின் நடுப்புள்ளியை விலகிய நாளாக வைக்கலாம். பாதி உதவி போய்விடும். முழு செமஸ்டர் பாடம் ஒன்றையாவது கடைசிவரை படித்து முடித்திருந்தால் இந்தக் கணக்கே எழாது. நான்கையும் சமாளிக்க முடியாதவர் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ள முடியுமா என்று முதலில் பார்ப்பது அதனால்தான்.

உடல்நலக் காரணத்தால் விலகினால் ஆர்2டி4 கிடையாது என்று நினைப்பது தவறு. ‘மெடிக்கல் வித்ட்ராயல்’ கல்லூரிக் கட்டணத்தைக் குறைக்க உதவலாம், மத்திய அரசின் கணக்கை மாற்றாது. 2020-இல் கோவிட் காரணமாக விலகியவர்களுக்குச் சட்டம் போட்டு விலக்கு தந்தார்கள். அது அந்தச் சூழலுக்கு மட்டும்.

கோடையில் இரண்டு சிறு பருவங்களுக்குச் சேர்த்துப் பதிந்தவர்கள் கவனிக்க: முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதற்குப் போகாமல் இருந்தாலும் ‘விலகியவர்’ ஆகலாம். முடித்த பருவம் மொத்த நாளில் 49 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது அரைநேர மாணவருக்குரிய கிரெடிட் தேறியிருந்தால், 2021 ஜூலை முதல் விலக்கு உண்டு. போகப் போவதில்லை என்று முன்பே தெரிந்தால், முதல் பருவம் முடிவதற்குள் இரண்டாவதை டிராப் செய்துவிடுவது நல்லது.

பொத்தானை அழுத்துவதற்கு முன்

பதிவாளர் அலுவலகம் கல்வித் தேதிகளைச் சொல்லும், பணத்தைச் சொல்லாது. நிதி உதவி அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் எழுத்தில் இருக்கும்: இந்த செமஸ்டரின் 60% தேதி எது, இன்று விலகினால் என் கணக்கில் எவ்வளவு நிலுவை வரும், இந்த டபிள்யூவுக்குப் பிறகு என் சாப் விகிதம் எவ்வளவு. பாடத்தில் பெரும்பகுதி முடிந்திருந்தால் ஆசிரியரிடம் ‘இன்கம்ப்ளீட்’ கேட்கலாம். முடித்துக் கொடுக்கும்வரை அது தேறாததாகவே எண்ணப்படும், ஆனால் விலகலாக எண்ணப்படாது.

எஃப்-1 மாணவர்களுக்கு மத்திய உதவி இல்லை என்பதால் இது நமக்கில்லை என்று கடந்துவிட வேண்டாம். இளங்கலையில் 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்குவதற்கு முன், வெளிநாட்டு மாணவர்களுக்குப் பொறுப்பான கல்லூரி அதிகாரி டி.எஸ்.ஓவின் அனுமதி கையில் இருக்க வேண்டும். விட்டபிறகு போய்ச் சொன்னால் விசா நிலையே போய்விடும்.

சாப் தவறி உதவி நின்றவர்கள் மேல்முறையீட்டில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும்: என்ன நடந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது. விதி ஏற்கும் காரணங்கள்: உறவினர் மரணம், மாணவருக்கு நோய் அல்லது காயம், இவற்றைப் போன்ற வேறு சிறப்புச் சூழல். முதல் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதிவிட்டு இரண்டாவதை ஒரு வரியில் முடிப்பதால்தான் பல மனுக்கள் நிராகரிக்கப்படுகின்றன. மருத்துவர் கடிதத்தை இணைக்கும்போது அதில் உள்ள தேதிகள் நீங்கள் பாடத்தை விட்ட செமஸ்டரோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இப்போது பழையபடி படிக்க முடியும் என்ற வாக்கியமும் அதில் இருக்கட்டும்.