பெண்மை இயக்குநீர்: இரண்டு சொல், இரண்டும் பிழை

"மூளையின் இரத்தக் குழாய்களைப் பெண்மை இயக்குநீர் விரிவாக்கம் செய்கிறது." மொழிபெயர்த்த மருத்துவக் கட்டுரை ஒன்றில் வந்த வாக்கியம் இது. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைத்தான் இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். பத்து இருபது தடவை பார்த்தும் பேசாமல் கடந்து போயிருக்கிறேன். இந்தத் தடவை முடியவில்லை.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெயரின் பிறப்புக் கதையை முதலில் முடித்துவிடுவோம். கிரேக்கத்தில் 'ஓய்ஸ்ட்ரோஸ்' என்றால் மாட்டைக் கடிக்கும் ஒரு வகை ஈ. கடிபட்ட மாடு தறிகெட்டு ஓடும். அதனால் வெறிக்கும் அதுவே பெயரானது, பிறகு விலங்குகளின் சினைப்பருவத்துக்கும். 'ஜென்' என்றால் உண்டாக்குவது. 1929இல் அமெரிக்க அறிவியலாளர் டாய்சியும் ஜெர்மானிய அறிவியலாளர் பூட்டெனான்ட்டும் தனித்தனியே ஈஸ்ட்ரோனைப் பிரித்தெடுத்தார்கள். ஈஸ்ட்ரோஜன் குடும்பத்தில் அது ஒன்று, எஸ்ட்ரடையால் இன்னொன்று. அவ்வளவுதான். கிரேக்கச் சொல்லிலும் 'பெண்' எங்கேயும் இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இனி 'இயக்குநீர்'. 'இயக்கு' சரிதான்; ஹார்மோன் என்பதற்கும் கிளப்பிவிடுவது என்றுதான் பொருள். ஆனால் 'நீர்' எங்கிருந்து வந்தது? உமிழ்நீர், செரிமான நீர் வரிசையில் இதையும் உட்கார வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் கொலஸ்டிராலிலிருந்து உருவாகும் ஸ்டீராய்டு. தண்ணீரில் கரைவதே அரிது. கொழுப்பில் கரைவதால்தான் செல்லின் சவ்வைக் கடந்து சுலபமாக உள்ளே போகிறது. நீரோடு ஒட்டாத பொருளுக்கு நீர் என்று பெயர்!

இதையாவது மன்னித்துவிடலாம். 'பெண்மை'தான் பொறுக்கவில்லை. ஆணின் உடலிலும் ஈஸ்ட்ரோஜன் உண்டு. அரோமட்டேஸ் என்ற நொதி, ஆண் ஹார்மோன் என்று பெயர் வாங்கிய டெஸ்டோஸ்டிரோனையே எஸ்ட்ரடையாலாக மாற்றிவிடுகிறது. மூளைக்குள்ளேயும் இது நடக்கிறது. ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டும் ஏற்பிகளில் பீட்டா வகையை 1996இல் முதன்முதலில் எதில் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? ஆண் எலியின் புரோஸ்டேட் சுரப்பியில்! இதற்குப் பிறகும் பெண்மையாம்.

மூளையின் குருதிக் குழலில் அது என்ன செய்கிறது என்று பார்த்தால் பெயரின் பொருத்தமின்மை இன்னும் துலங்கும். உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஓய்வில் உடல் செலவிடும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. ஆகவே குழல்கள் தேவைக்கேற்ப விரிந்து கொடுக்க வேண்டும். குழலின் உட்சுவர்ச் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் இருக்கின்றன. அங்கே ஈஸ்ட்ரோஜன் ஒட்டியதும் நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதி சுறுசுறுப்பாகிறது. அந்த வாயு பக்கத்திலுள்ள தசைக்குப் பரவ, தசையின் இறுக்கம் விடுகிறது, குழல் விரிகிறது. புரோஸ்டாசைக்ளின் என்ற இன்னொரு பொருளும் கூடவே சுரந்து அதே வேலையைச் செய்கிறது. இதில் பெண்மைக்கு என்ன வேலை?

தப்பான பெயரால் வரும் கேடும் சின்னதல்ல. மாதவிடாய் நின்றபின் 'பெண்மை இயக்குநீர் குறைகிறது' என்று எழுதினால், படிக்கிறவர் தன் பெண்மையே குறைகிறது என்று எடுத்துக்கொள்வார். பெண்மை நல்லதாயிற்றே, மாத்திரையாகப் போட்டு நிரப்பிக்கொள்வோம் என்றும் தோன்றும். அதுவும் அவ்வளவு நேரானதல்ல. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோன் மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றை 2002இல் பாதியில் நிறுத்தினார்கள். மாத்திரை எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோயோடு பக்கவாதமும் கூடியிருந்தது. குழலைத் தளர்த்தும் பொருளே குருதி உறைவதையும் தூண்டக்கூடும். எந்த வயதில், எந்த வடிவில் தருகிறோம் என்பதைப் பொறுத்துப் பலன் மாறும்.

சரி, வேறு சொல்? வேரைப் பார்த்து, சினைப்பையும் ஊக்கியையும் சேர்த்து 'சினைப்பூக்கி' என்று ஆக்கலாம் என்பார்கள். ஆக்கினால் சினையில் பூக்கும் ஏதோ பூ என்று படிப்பார்கள். தனித்தமிழ்மேல் எனக்கும் பிடிப்பு உண்டு. இரத்தக் குழாயைவிடக் குருதிக் குழல்தான் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு வேதிப்பொருளின் பெயர் ஆள் பெயர் மாதிரி. அதை மொழிபெயர்க்க வேண்டாம், ஈஸ்ட்ரோஜன் என்றே இருக்கட்டும். ஹார்மோன் என்ற பொதுப்பெயருக்குத் தமிழ் வேண்டுமென்றால் 'சுரப்பு' போதும். நீர் என்று பொய் சொல்லாது.

செயலுக்குத்தான் தமிழ் வேண்டும், அங்கேதான் நம் மொழிபெயர்ப்பாளர்கள் கைவிடுகிறார்கள். 'விரிவாக்கம்' சாலைக்குச் செய்வது. 'தளர்ச்சி' என்றால் நரம்புத் தளர்ச்சி விளம்பரம் நினைவுக்கு வருகிறது. 'வீக்கம்' என்று போட்டவரும் உண்டு; அது நோய். நம்மிடம் 'நெகிழ்தல்' இருக்கிறது. பிரிவில் மெலிந்தவளின் வளை நெகிழ்ந்தது என்று சங்கப் புலவர்கள் பாடிய அதே சொல். இறுகியிருந்தது இளகி இடம் கொடுப்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்த வாக்கியத்தை நான் இப்படித் திருத்துவேன்: "ஈஸ்ட்ரோஜன் மூளையின் குருதிக் குழல்களை நெகிழ்த்துகிறது."