கேரவனுக்குப் பின்னால் காரை இழுக்கலாமா? விதியும் விளக்கு ஒயரிங்கும்

வீடுபோல் வசதி செய்த வண்டியான கேரவனைக் (மோட்டார் ஹோம்) கடற்கரையோரம் நிறுத்திவிட்டு ஊருக்குள் சுற்ற ஒரு சின்னக் கார் இருந்தால் வசதிதான். அமெரிக்காவில் நன்றாக ஓடும் காரையே, நாலு சக்கரமும் தரையில் உருள, மோட்டார் ஹோமுக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிறார்கள். இங்கே அதற்கு இடமில்லை. 2017ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகளின்படி, பழுதாகி நின்ற வண்டி, பாகங்களை முழுதாகப் பொருத்தி முடிக்காத வண்டி, பதிவு செய்த டிரெய்லர், சைடு கார் இவற்றைத்தான் இன்னொரு வண்டி இழுக்கலாம். மத்திய விதி என்பதால் கடலூரிலிருந்து கிளம்பி முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனாலும் இதேதான்.

ஆகவே காரை டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அந்த டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. வேண்டும். இழுக்கும் வண்டியின் பதிவு எண்ணும் டிரெய்லரின் பின்புறம் தெரிய வேண்டும்.

விளக்குக்கு வருவோம். சூரியன் மறைந்து அரை மணி கழித்து, மறுநாள் உதயத்துக்கு அரை மணி முன்பு வரை, பின்னால் இரண்டு சிவப்பு விளக்கு எரிய வேண்டும். 155 மீட்டர் தள்ளி வருபவருக்கும் அது தெரிய வேண்டும். நம்பர் பிளேட்டில் விழும் வெள்ளை வெளிச்சத்தில் எண்ணை 15 மீட்டரிலிருந்து படிக்க முடிய வேண்டும். இவற்றோடு சிவப்பு ரிஃப்ளெக்டர் இரண்டு, பிரேக் லைட், மஞ்சள் இண்டிகேட்டர். இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை மின்ன வேண்டும். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் டிரெய்லருக்கும் பின்விளக்கு கட்டாயம். இருட்டில் விளக்கில்லாத டிரெய்லர் பின்னால் வரும் பைக்காரருக்கு எமன்.

ஒயரிங்குக்கு ஏழு முனை ('பின்') உள்ள சாக்கெட் போதும். பரவலான வரிசை இது: ஒன்றாம் முனையில் இடது இண்டிகேட்டர் (மஞ்சள் ஒயர்), மூன்றில் எர்த் (வெள்ளை), நாலில் வலது இண்டிகேட்டர் (பச்சை), ஐந்தில் வலது பார்க் லைட் (பழுப்பு), ஆறில் பிரேக் (சிவப்பு), ஏழில் இடது பார்க் லைட் (கறுப்பு). இரண்டாம் முனை, வண்டியின் பின்புற ஃபாக் லைட்டுக்கு (மூடுபனி விளக்கு). எர்த்தைக் கொக்கி இரும்பை நம்பி விடாதீர்கள். தனி ஒயராகவே இழுங்கள். உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்து, பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக மின்னும். அப்படி மின்னினால் முதலில் எர்த்தைப் பாருங்கள்.

பஸ் சேசிஸில் கட்டிய கேரவன் பெரும்பாலும் 24 வோல்ட். டிரெய்லரில் 12 வோல்ட் பல்பு இருந்தால் போட்டதும் போய்விடும். நடுவே 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வைக்கச் சொல்லுங்கள். காரை ஏற்றிய பிறகு ஒருவரைப் பின்னால் நிற்க வைத்து, விளக்கு எதுவும் மறைகிறதா, எல்லாம் எரிகிறதா என்று பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள்.

வழியில் பழுதான காரை இழுப்பதானால் இரண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. கயிறு மற்றவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பின்வண்டி ஸ்டியரிங்கில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும்; இல்லையென்றால் முன்சக்கரத்தைத் தூக்கிக் கட்ட வேண்டும். பின்னால் வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தில் 'ஆன் டோ' (இழுத்துச் செல்லப்படுகிறது) என்ற ஆங்கிலச் சொல் இருக்க வேண்டும். பேட்டரி செத்த காரில் ஹசார்டு (எச்சரிக்கை விளக்கு) எரியாது. டிரெய்லர் சாக்கெட்டில் செருகும் விளக்குப் பலகை ஒன்றைக் கேரவனிலேயே வைத்திருந்து, அந்தக் காரின் டிக்கியில் கட்டிவிடுங்கள்.