வெறும் 12 வோல்ட்தானே என்று இனிமேல் சொல்லாதீர்கள்

குற்றாலத்தில் சாரல் சீசன் தொடங்கினால் எங்கள் பைக் வயரிங் கடைக்குக் குட்டி யானையில் ஏறி வரும் பைக்குகள் அதிகமாகிவிடும். ஆலங்குளத்தில் நின்றது, பாவூர்சத்திரம் தாண்டி நின்றது, லைட் போய்ப் புகை வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். ஆசை ஆசையாகக் கஃபே ரேசர், பாபர் என்று மாற்றிக் கட்டிய பழைய புல்லட், யெஸ்டி, ஆர்எக்ஸ் 100 வகைதான் முக்கால்வாசி.

இந்த வாரம் வந்தது ஒரு புல்லட். ஹேண்டில் பாரில் பழைய சுவிட்ச் பாக்ஸைக் கழற்றிவிட்டு, ஆன்லைனில் வாங்கிய அலுமினிய பட்டன் சுவிட்சுகளைப் போட்டிருந்தார்கள். பார்க்க உண்மையிலேயே அழகு. வயர் ஒன்றுகூட வெளியில் தெரியவில்லை. பாஸ் லைட் பட்டனை அழுத்தினேன், திரும்பி வரவில்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே பிளாஸ்டிக் உருகி, காண்டாக்ட் இரண்டும் ஒட்டிக்கொண்டு கரியாகியிருந்தது. அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனால் டேங்குக்கு அடியில் ஒரு சாண் நீளத்துக்கு இன்சுலேஷனே இல்லை, செம்பு மட்டும்தான்.

"வெறும் 12 வோல்ட்டுதான அண்ணாச்சி, இதுல எப்படித் தீப்பிடிக்கும்?" என்று கேட்டான் வண்டிக்காரப் பையன். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தம்பி, ஷாக் அடிக்காது என்பது சரி. பேட்டரியின் இரண்டு முனையையும் கையால் தொட்டால் ஒன்றும் ஆகாது. அதை வைத்துக்கொண்டு ஆபத்தில்லாத கரண்ட் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வயர் சூடாவது ஆம்பியரைப் பொறுத்த விஷயம். வீட்டில் பழைய 100 வாட் குண்டு பல்பு இருந்ததே, அது 230 வோல்ட்டில் அரை ஆம்பியர்கூட இழுக்காது. அதே 100 வாட்டை 12 வோல்ட்டில் எரிக்க 8 ஆம்பியருக்கு மேல் வேண்டும். வோல்ட் குறையக் குறைய அதே வேலைக்கு ஆம்பியர் ஏறும். ஆம்பியர் இரண்டு மடங்கானால் அதே வயரில் சூடு நான்கு மடங்கு. ஆக வீட்டு பல்புக்குப் போகும் வயரைவிட பைக் பல்புக்குப் போகும் வயர் தடிமனாக இருக்க வேண்டும். நம் ஆட்கள் செய்வது நேர்மாறு: 12 வோல்ட்தானே என்று தலைமுடி மாதிரி வயரை இழுத்துவிடுகிறார்கள்.

அந்த புல்லட்டில் கம்பெனி 60/55 வாட் பல்பை எடுத்துவிட்டு 100/90 பல்பு (ஹைபீமுக்கு 100 வாட், டிம்முக்கு 90) போட்டிருந்தார்கள். டிம்மில் ஓடும்போது பாஸ் அழுத்தினால் இரண்டு ஃபிலமெண்டும் சேர்ந்து எரியும். 190 வாட். கிட்டத்தட்ட 16 ஆம்பியர், விரல் நகம் அகலப் பட்டன் வழியாக! பட்டன் வந்த அட்டைப் பெட்டி பையன் வீட்டில் பத்திரமாக இருந்தது. கொண்டுவரச் சொன்னேன். பின்பக்கம் பொடி எழுத்தில் 2 ஆம்பியர் என்று போட்டிருந்தது. யாரும் படிக்கவில்லை.

சரி, ஃப்யூஸ் என்ன ஆயிற்று என்றால், அது அடிக்கடி போகிறது என்று யாரோ வயர்த்துண்டை முறுக்கி வைத்திருக்கிறார்கள். வெளங்கிரும். ஃப்யூஸ் போனால் அது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். ஏன் போகிறது என்று தேட வேண்டுமே தவிர அதன் வாயை அடைக்கக் கூடாது. ஃப்யூஸை எடுத்துவிட்டால் அடுத்து உருகப்போவது வயர்தான், அது பெட்ரோல் டேங்குக்கு அடியில் போகிறது.

ஹேண்டில் பாரில் இருக்கும் சுவிட்ச் லோடு சுமக்கக் கூடாது, உத்தரவு மட்டும் கொடுக்க வேண்டும். சுமப்பதற்கு ரிலே இருக்கிறது, சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் குட்டிப் பெட்டி. அதன் கால்களில் நம்பர் போட்டிருக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃப்யூஸ் வழியாக 30-க்கு, 87-லிருந்து ஹெட்லைட்டுக்கு, 85-ம் 86-ம் சுவிட்சுக்கும் எர்த்துக்கும் (பேட்டரி நெகட்டிவ்). ஹார்னுக்கும் இதே கதை, அதுவும் ஜோடி ஹார்ன் போடுகிறவர்கள் தனி ரிலே போட்டே தீர வேண்டும். ரிலேயின் காயில் இழுப்பது கால் ஆம்பியர்கூட இல்லை. அப்படியானால் ஹேண்டில் பாருக்குள் 0.5 ஸ்கொயர் எம்எம் வயர் தாராளமாகப் போதும், நீங்கள் ஆசைப்படும் சுத்தமான ஹேண்டில் பார் அப்போதுதான் கிடைக்கும். தடிமனான வயர் எல்லாம் சீட்டுக்கடியிலும் ஹெட்லைட் டூமுக்குள்ளும் நின்றுவிடும்.

இப்போது மோட்டோகேட்ஜெட் எம்-யூனிட் மாதிரி கண்ட்ரோல் பாக்ஸ் போடுகிறவர்களும் வருகிறார்கள். நல்ல பொருள்தான், ரிலேயும் ஃப்யூஸ் பாக்ஸும் செய்யும் வேலையை ஒரே பெட்டி பார்த்துக்கொள்ளும். ஆனால் அதில் பட்டனின் ஒரு கால் எர்த்துக்குப் போக வேண்டும். பழைய பழக்கத்தில் பட்டனுக்கு 12 வோல்ட் கொடுத்துவிட்டு, யூனிட் டூப்ளிகேட் என்று விற்றவனைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பழைய வயரை வெட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இன்னும் இரண்டு உண்டு. முதலாவது கில் சுவிட்ச், அதாவது எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச். பல பழைய சிடிஐ (ஸ்பார்க்கை நடத்தும் பெட்டி) வண்டிகளில் கில் வயரை எர்த்தில் தொட்டால் எஞ்சின் நிற்கும். ஈசியூ (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) வண்டியிலும் பேட்டரியை நம்பி ஓடும் இக்னிஷனிலும் சப்ளையைத் துண்டித்தால்தான் நிற்கும். முதல் வகை வண்டியின் கில் வயரில் 12 வோல்ட் கொடுத்தால் சிடிஐ செத்தது. இரண்டாவது, பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு எஞ்சினில் கரண்ட் உண்டாக்கும் காயிலிலிருந்து நேரே ஏசி வருகிறது, ஹார்னும் இண்டிகேட்டரும் பேட்டரி டிசி. இரண்டையும் ஒரே சுவிட்சில் பொதுவாக முடிச்சுப் போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மல்டிமீட்டர் ஒன்றும் தங்கம் விலை இல்லை. ஏசியா டிசியா என்று காட்டாத டெஸ்ட் லேம்பை மட்டும் வைத்துக்கொண்டு காயில் வயரை வெட்டுகிற தைரியம் எங்கிருந்து வருகிறதோ.

அடுத்தது எர்த். பவுடர் கோட்டிங் அடித்துப் பளபளவென்று ஒரு வண்டி வந்தது. செல்ஃப் அழுத்தினால் கிளட்ச் கேபிள் புகைகிறது என்றார் ஓனர். நான் நம்பவில்லை. அழுத்திப் பார்த்தேன், கேபிளின் ரப்பர் உறை கண்ணெதிரே சுருங்கியது. எஞ்சினுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் இருக்க வேண்டிய எர்த் ஸ்ட்ராப்பைக் காணோம், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று எடுத்திருக்கிறார்கள். எஞ்சின் மவுண்ட் முழுக்கப் பெயிண்ட், கரண்ட் போக வழியில்லை. செல்ஃப் மோட்டாரின் மொத்தக் கரண்டும் கிளட்ச் கேபிளின் உள்கம்பி வழியாக ஹேண்டில் பாருக்கு ஏறித் திரும்பியிருக்கிறது. ஒரு ஸ்ட்ராப், இரண்டு போல்ட், லக் (வயர் முனை வளையம்) உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டியது, அவ்வளவுதான் வேலை. ஹெட்லைட்டுக்கும் சுவிட்சுக்கும் எர்த்தைத் தனி வயராகக் கொண்டுவாருங்கள். ஸ்டியரிங் பேரிங் வழியாக வரும் என்று விட்டுவிடாதீர்கள், அதற்குள் இருப்பது கிரீஸ்.

வயர் விஷயத்தில் கெஞ்சியே கேட்கிறேன்: வீட்டுக்கு இழுக்கும் ஒற்றைக் கம்பி வயரை வண்டியில் போடாதீர்கள். அதிர்வில் உள்ளுக்குள்ளேயே ஒடியும், வெளியில் தெரியாது. முறுக்கி டேப் சுற்றுவதும் வேண்டாம். நம்ம ஊர் சித்திரை வெயிலில் ஒரு நாள் நின்றால் டேப் பசை கசிந்து வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இணைப்பை இடுக்கியால் நசுக்கி கிரிம்ப் செய்து, சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். திசையன்விளை, உவரிப் பக்கம் ஓடும் வண்டியென்றால் வயர்களைச் சொருகி இணைக்கும் கப்ளருக்குள் கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸும் வேண்டும், உப்புக் காற்று செம்பைப் பச்சையாக்கிவிடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டிகளில் இப்படிப் பச்சை பிடித்த கப்ளர்களை அப்படியே வெட்டி எறிந்துவிட்டு வயரை நேரே முறுக்கிவிட்டார்கள். அதன் பலன் இன்னமும் என் கடைக்கு வந்துகொண்டிருக்கிறது.

ஹேண்டில் பாருக்குள் வயர் விடத் துளை போட்டால் விளிம்பில் பிசிர் இல்லாமல் ராவி, ரப்பர் குரோமெட் (வயர் உரசாமல் காக்கும் வளையம்) போடுங்கள். கிளாம்ப் பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் துளை வேண்டாம், பார் அங்கேதான் முறியும். முடிந்ததும் லைட்டைப் போட்டு ஹேண்டிலை இடம் வலம் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டும் திருப்புங்கள். ஓர் இடத்தில் விட்டுவிட்டு எரிந்தாலும் கழுத்துப் பகுதியில் வயர் இழுபடுகிறது.

வயரைக் குறைக்கிறேன் என்று சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், முன் பிரேக் சுவிட்ச், இன்ஜெக்ஷன் வண்டியில் சாய்வு சென்சார், இவற்றைத் தூக்கிவிடுகிறார்கள். சாய்வு சென்சாரை பைபாஸ் செய்த வண்டி விழுந்தால் எஞ்சின் தானாக நிற்காது, பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இதை நான் செய்து தர மாட்டேன். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனாலும் சரி.

இண்டிகேட்டர், பிரேக் லைட் இல்லாமல் செய்து கேட்பவர்களுக்கும் அதே பதில்தான். சுவிட்ச் மாற்றியதற்காக யாரும் உங்களைப் பிடிக்கப்போவதில்லை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் என்பதைக் கவனியுங்கள்.

வயரிங்கை மாற்ற வருகிறவர்கள் பழைய ஹார்னஸை, அதாவது வண்டியின் மொத்த வயர் கட்டைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு வராதீர்கள். கிழிந்திருந்தாலும் கருகியிருந்தாலும் அதையும் கொண்டுவாருங்கள், எந்த நிறம் எங்கே போனது என்று அதில்தான் தெரியும். வாங்கிய சுவிட்சின் பெட்டியையும் தூக்கி எறிய வேண்டாம். அப்புறம், சனிக்கிழமை சாயங்காலம் வண்டியை விட்டுவிட்டு ஞாயிறு காலை ஆறு மணிக்கு ரைடு இருக்கிறது என்று நிற்காதீர்கள். முழு வயரிங்குக்கு நாலைந்து நாள் பிடிக்கும், அவசரம் என்றால் செய்து தர மாட்டேன்.