67 எடுத்தால் கனடா கூப்பிடுமா?

"எனக்கு 72 வருது சார், எப்போ கூப்பிடுவாங்க?" குடியேற்ற ஆலோசனை கேட்டு வருகிறவர்களில் பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். வயது, படிப்பு, மொழி என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு, ஏதோ ஒரு ஏஜென்ட் தாளில் கூட்டிக் கொடுத்த கணக்கு அது. கூட்டலில் பெரும்பாலும் தப்பு இருக்காது. ஆனால் அந்த 72-ஐ வைத்து யாரும் யாரையும் கூப்பிடப் போவதில்லை.

புள்ளி முறையை 1967-இலேயே கொண்டுவந்த நாடு கனடா. இப்போது அங்கே இரண்டு கணக்குகள். வெளிநாட்டுத் திறன் பணியாளர் பிரிவில் 100-க்கு 67 எடுத்தால் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்ற விண்ணப்பதாரர் வரிசையில் நிற்கலாம், அவ்வளவுதான். நின்ற பிறகு 1200-க்கு இன்னொரு மதிப்பெண்; வரிசையில் இருப்பவர்களைத் தரப்படுத்தும் அதன் பெயர் சிஆர்எஸ். அழைப்பு வருவது அதை வைத்துத்தான். கட்-ஆஃப் ஒவ்வொரு சுற்றிலும் மாறும். ஆஸ்திரேலியாவின் 65-உம் இதே மாதிரி வாசல் மதிப்பெண்தான். பிரிட்டனின் திறன் பணியாளர் விசாவுக்கான 70 வேறு ரகம்: போட்டியே கிடையாது, ஆனால் வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க உரிமம் பெற்ற நிறுவனம் வேலை கொடுக்காவிட்டால் மற்ற புள்ளிகளால் பயனில்லை.

சரி, சிஆர்எஸ்ஸை எப்படி ஏற்றுவது? வயது நம் கையில் இல்லை. கணவனோ மனைவியோ இல்லாமல் விண்ணப்பிப்பவருக்கு 20 முதல் 29 வயது வரை 110 புள்ளி; 40-இல் அது 50, 45-இல் பூஜ்யம். நம் கையில் இருப்பது மொழித் தேர்வு. முதுகலைப் பட்டமும் கனடாவுக்கு வெளியே மூன்று வருட வேலை அனுபவமும் உள்ள, அப்படித் தனியாக விண்ணப்பிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் வாசிப்பு, எழுத்து, பேச்சு மூன்றிலும் 7, கேட்டலில் மட்டும் 7.5. மறுபடி எழுதி அந்த 7.5-ஐ 8 ஆக்கினால் என்ன ஆகும்? கேட்டலுக்கு நேரடியாகக் கூடுவது 8 புள்ளிதான். ஆனால் நான்கும் கனடாவின் மொழித்திறன் அளவுகோலான சிஎல்பியில் 9-ஆம் நிலையைத் தொட்டுவிடுவதால் படிப்புக்கு 25, அனுபவத்துக்கு 25 கூடுதலாக வரும். அரை பேண்டுக்கு 58 புள்ளி! இன்னொரு பட்டம் படிக்கலாமா என்று கேட்பவர்களிடம் முதலில் இந்தத் தேர்வைத் திரும்ப எழுதச் சொல்கிறேன்.

"வேலை ஆஃபர் வாங்கித் தருகிறோம், புள்ளி ஏறும்" என்று இன்னும் பணம் கேட்கிறார்கள். ஆஃபருக்கான சிஆர்எஸ் புள்ளிகளைக் கனடா 2025 மார்ச் 25-ஆம் தேதியே எடுத்துவிட்டது. ஒரு மாகாணம் நம்மைத் தேர்ந்தெடுத்துப் பரிந்துரைக்கும் மாகாண நியமனம் கிடைத்தால் 600 புள்ளி உண்டு; அது மாகாண அரசு தருவது, ஏஜென்ட் விற்பதல்ல.

அப்புறம், போட்ட புள்ளிக்கெல்லாம் காகிதம் வேண்டும். அழைப்பு வந்தால் 60 நாளில் எல்லாவற்றையும் ஏற்றியாக வேண்டும். பழைய நிறுவனத்தில் அனுபவக் கடிதம் கேட்டு அலைய அது போதாது. அந்தக் கடிதத்தில் பதவிப் பெயர் மட்டும் இருந்தால் உதவாது. என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன சம்பளம் என்று இருக்க வேண்டும். ஒவ்வொரு வேலையையும் விவரிக்கும் கனடா அரசின் தொழில் பட்டியலில் உள்ள வரிகளை அப்படியே நகலெடுத்து ஒட்டிய கடிதத்தை அதிகாரி சந்தேகத்தோடுதான் படிப்பார். செய்யாத வேலையைச் செய்ததாகக் காட்டி மாட்டினால் ஐந்து வருடம் கனடாவுக்குள் நுழையத் தடை. கடிதத்தைத் தயாரித்தது ஏஜென்ட்டாக இருந்தாலும் தடை விழுவது விண்ணப்பதாரர் மேல்தான்.