போர்ட் என்பது வாசலா, துறையா?

வீட்டில் சொந்தமாக சர்வர் ஓட்ட ஆரம்பிக்கிற எவருக்கும் முதல் வாரத்திலேயே கிடைக்கும் அறிவுரை, "தேவையில்லாத போர்ட்டைத் திறந்து வைக்காதே" என்பதுதான். சரி என்று தலையாட்டிவிடுவோம். ஆனால் போர்ட் என்றால் என்ன, திறப்பது என்றால் எதைத் திறப்பது என்று யாராவது திருப்பிக் கேட்டால் முழிப்போம், நானும் ரொம்ப நாள் அப்படி முழித்தவன்தான். பெட்டிக்குப் பின்னால் இருக்கிற யூஎஸ்பி துளைக்கும் அதே பெயர் என்பதால் குழப்பம் இன்னும் கூடும்.

நெட்வொர்க்கில் போர்ட் என்பது வெறும் எண். ஒரு கணினிக்கு ஐபி முகவரி பெரும்பாலும் ஒன்றுதான், அதற்குள் ஓடும் நிரல்களோ பல. வந்து சேரும் தரவுப் பொட்டலம் யாருக்கு என்று சொல்ல, அதன் தலைப்பில் 16 பிட்டில் ஓர் எண் இருக்கும், எனவே 0 முதல் 65535 வரை. இணையதளங்களுக்கு 80, 443, தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச்சுக்கு 22. இந்த 22 வந்த கதை சுவாரசியமானது. எஸ்எஸ்எச்சை எழுதிய பின்லாந்துக்காரர் டாட்டு யுலோனென், தொலைநுழைவுக்கான பழைய டெல்நெட் (23), கோப்பு அனுப்பும் எஃப்டிபி (21) இரண்டுக்கும் மாற்றாக அதை நினைத்தார், நடுவில் 22 காலியாக இருப்பதைப் பார்த்து 1995 ஜூலையில் எண்களை ஒதுக்கும் ஐயானாவுக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்டார், கொடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

சொல்லின் வேர் லத்தீன். அங்கே மூன்று உறவுக்காரச் சொற்கள் உண்டு: போர்ட்டஸ் என்றால் துறைமுகம், போர்ட்டா என்றால் வாயில், போர்ட்டாரே என்றால் சுமந்து செல்வது. மொபைல் எண்ணை 'போர்ட் பண்ணுவது' மூன்றாவதிலிருந்து வந்தது. வாய்ப்பைக் குறிக்கும் 'ஆப்பர்ச்சூனிட்டி'கூட முதலாவதன் வழிதான், துறைமுகத்தை நோக்கி வீசும் நல்ல காற்று! கணினி போர்ட்டுக்கு அகராதிகள் காட்டுவது இரண்டாவதை, அதாவது வாயிலை.

அப்படியானால் தமிழிலும் வாயில் என்று வைத்துவிட்டால் போயிற்று என்று தோன்றும். ஆனால் கேட்வேக்கு நுழைவாயில், போர்ட்டலுக்கு வலைவாசல் என்று ஏற்கெனவே புழங்குகிறது. இன்னொரு வாசலையும் வைத்தால் எது எதென்று படிக்கிறவருக்குத் தெரியாது. யூஎஸ்பி மாதிரி கையால் செருகுகிற இடத்துக்குச் செருகுவாய் என்பது அழகாகப் பொருந்துகிறது, அது அங்கேயே இருக்கட்டும். மிச்சம் இருப்பது துறை.

துறை பழைய சொல். ஆற்றில் இறங்கும் இடம் படித்துறை, கப்பல் வந்து நிற்கும் இடம் துறைமுகம், சங்கப் பாட்டில் நெய்தல் தலைவன் துறைவன், ஒன்றை முற்றக் கற்றவர் துறைபோகியவர். பிற்பாடு அலுவலகப் பிரிவுகளும் துறை ஆகிவிட்டன, அதனால் 'துறை எண்' என்று எழுதினால் ஏதோ அரசுக் கோப்பு போலத் தொனிக்கும், அந்தக் குறை உண்மைதான். இருந்தும் என் ஓட்டு இதற்கே, லத்தீன் வேர் வாயிலைக் காட்டினாலும்.

ஏனென்றால் வாசல் என்றதும் சுவரில் 65,536 ஓட்டைகள் இருப்பதாகவும், ஒவ்வொன்றையும் ஓடிப் போய்ப் பூட்ட வேண்டும் என்றும் மனசு கற்பனை செய்துகொள்கிறது. உண்மை அதுவல்ல. ஒரு நிரல் அந்த எண்ணில் காது கொடுத்துக் காத்திருந்தால்தான் போர்ட் 'திறந்திருக்கிறது'. கரை நெடுக எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம், ஆனால் தோணிக்காரன் நிற்கிற இடம்தான் துறை. யாரும் நிற்காத எண்ணைத் தட்டினால் கணினி உடனே மறுத்துவிடும். ஃபயர்வால் என்ற காவல் மென்பொருள் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டால் பதிலே வராது, கேட்டவர் காத்திருந்து அலுத்துப் போவார். இரண்டும் வேறு வேறு 'மூடல்'கள்.

ஆகவே பாதுகாப்பு என்று இறங்கும்போது முதல் கேள்வி, எந்தத் துறையில் யார் நிற்கிறார் என்பதே. லினக்ஸில் எஸ்எஸ் என்ற சின்னக் கட்டளை பட்டியலே போட்டுவிடும். நான் முதன்முதலில் அதை ஓட்டியபோது 0.0.0.0:5432 என்று ஒரு வரி. மாதக்கணக்கில் மறந்துபோன தரவுத்தளம், எல்லாத் திசையிலிருந்தும் வருபவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஃபயர்வாலில் 5432 தடுக்கப்பட்டிருந்தும் வெளியிலிருந்து அதை எட்ட முடிந்தது, எப்படி? அதைக் கன்டெய்னரில், அதாவது நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டியில், ஓட்டியிருந்தேன். கன்டெய்னரை நடத்தும் மென்பொருள் எண்ணை வெளியே விடும்போது, என் தடைக்கு முன்பே செயல்படும் தனி விதிகளைத் தானே எழுதிவைத்திருந்தது. அமைப்புக் கோப்பில் 5432:5432 என்று இருந்ததை 127.0.0.1:5432:5432 என்று மாற்றினேன், அந்த முகவரி கணினி தன்னையே குறிப்பது, தோணிக்காரன் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான்.

எஸ்எஸ்எச்சை 22-லிருந்து 2222-க்கு மாற்றுவதும் துறையை நாலடி தள்ளிப் போடுவதுதான். பதிவுக் கோப்பில் 'ரூட்', 'அட்மின்' என்று பெயர் சொல்லித் தட்டும் தானியங்கிகளின் இரைச்சல் குறையும், ஆனால் தேடுகிறவன் நடந்து வந்து கண்டுபிடித்துவிடுவான். கடவுச்சொல் நுழைவை அடைத்துவிட்டுச் சாவிக்கோப்பு மட்டும் போதும் என்று வைப்பதுதான் உருப்படியான வேலை.

ரவுட்டரில் செய்யும் போர்ட் ஃபார்வர்டிங்குக்கு மட்டும் இன்னும் நல்ல சொல் அமையவில்லை. 'துறை முன்னனுப்பல்' நாக்கில் ஒட்டவில்லை. வெளியே 8443-க்கு வருவதை உள்ளே 192.168.1.10 என்ற கணினியின் 443-க்குக் கொண்டுபோய் விடும் வேலை அது, 'துறைமாற்றம்' என்று நான் எழுதிப் பார்க்கிறேன். பேசும்போது மட்டும் போர்ட் என்றுதான் வருகிறது.